தமிழ் விக்கிப்பீடியாவின் பார்வைக் கணக்கைக் கட்டளை வரியில் இறக்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கிப்பீடியாவில் உள்ள ஒவ்வொரு கட்டுரையும் எந்த நாளில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற கணக்கை விக்கிமீடியா அறக்கட்டளை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பயனர் கணக்கு வேண்டாம், ஏபிஐ (நிரல்கள் ஒரு தளத்திடம் தரவு கேட்கும் வாசல்) சாவி வேண்டாம், பணமும் வேண்டாம். இணைய முகவரியிலிருந்து தரவை இறக்கும் கர்ல் என்ற சிறு கருவியும், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலும் போதும். தமிழில் எழுதுபவர்கள், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், செய்தியாளர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கட்டளையைத் தட்டச்சு செய்வது எளிது. வந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் வேலை இருக்கிறது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

என்னென்ன தரவு கிடைக்கும்?

ஒரு கட்டுரையின் பார்வைகள் நாள்வாரியாகவும் மாதவாரியாகவும் கிடைக்கும். முழுத் திட்டத்துக்கான மொத்தப் பார்வைகளை, அதாவது தமிழ் விக்கிப்பீடியா முழுவதற்குமான எண்ணை, மணிவாரியாகக்கூட எடுக்கலாம். ஒரு நாளிலோ மாதத்திலோ அதிகம் பார்க்கப்பட்ட ஆயிரம் கட்டுரைகள் வரையிலான பட்டியலும் உண்டு. இந்த ஏபிஐ தரும் கட்டுரைக் கணக்கு 2015 ஜூலை 1 முதல் தொடங்குகிறது. விக்கிமூலம், விக்சனரி போன்ற மற்றத் தமிழ்த் திட்டங்களுக்கும் இதே வழிதான்.

இணையத்திலேயே வரைபடத்தோடு காட்டும் பக்கம் இருக்கிறதே, கட்டளை வரி எதற்கு?

ஒன்றிரண்டு கட்டுரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கமே போதும். ‘பேஜ்வியூஸ் அனாலிசிஸ்’ என்று தேடினால் வரும், நன்றாகவும் இருக்கும். முந்நூறு கட்டுரைகளை எடுத்து, மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்னும்போதுதான் கட்டளை வரி தேவைப்படுகிறது.

நான் அதைவிட முக்கியமாக நினைக்கும் காரணம் வேறு. கட்டளை வரியில் நீங்கள் கேட்ட கேள்வி முழுவதும் ஒரு வரியாக எழுத்தில் இருக்கும்: எந்தத் திட்டம், எந்தக் கருவியில் பார்த்தவர்கள், மனிதர்களா இயந்திரங்களா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை. அந்த வரியைத் தரவோடு சேர்த்து வைத்தால், உங்கள் எண்ணை இன்னொருவர் சரிபார்க்க முடியும். திரையில் நான்கு பொத்தான்களை அழுத்தி எடுத்த எண்ணுக்கு அந்தத் தடயம் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. தமிழ் இணையத்தைப் பற்றி வரும் கட்டுரைகளில் எத்தனையோ எண்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் உலவுகின்றன. நம்முடையதாவது அப்படி இருக்க வேண்டாம்.

என் கணினியில் கர்ல் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் இந்தப் பெயரில் வெளியிட்ட கருவி இது. மேக்கில் கூடவே வருகிறது. விண்டோஸ் 10-இல் 2018 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. லினக்ஸில் இல்லையென்றால் மென்பொருள் தொகுப்பிலிருந்து ஒரே கட்டளையில் நிறுவலாம்.

விண்டோஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் கட்டளைச் சாளரங்களில் ஒன்றான பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்று தட்டினால் உண்மையான கர்ல் ஓடாது. மைக்ரோசாஃப்ட்டின் வேறொரு கட்டளைக்கு அது மாற்றுப் பெயராக வைக்கப்பட்டிருக்கிறது. விருப்பங்கள் எதுவும் பொருந்தாமல் சிவப்பு எழுத்தில் பிழைகள் வரும். பெயரோடு புள்ளி இஎக்ஸ்இ என்ற பின்னொட்டையும் சேர்த்துத் தட்டினால் சரியாகிவிடும்.

முகவரியை எப்படி அமைப்பது?

விக்கிமீடியாவின் ஏபிஐ ஆவணப் பக்கத்தில் மாதிரி முகவரி இருக்கிறது. அதை நகலெடுத்து மாற்றுவதுதான் பாதுகாப்பானது. ஒரு கட்டுரைக்கான முகவரியில், ‘பெர்-ஆர்டிகிள்’ என்ற சொல்லுக்குப் பிறகு சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஏழு துண்டுகள் வரும். முதலில் திட்டத்தின் பெயர்: தமிழுக்கான இரண்டெழுத்துக் குறி, புள்ளி, விக்கிப்பீடியா. இரண்டாவது, எந்த வழியாகப் பார்த்தார்கள் என்பது. மேசைக்கணினி, கைப்பேசி இணையம், கைப்பேசிச் செயலி என்று தனித்தனியாகவும் கேட்கலாம், எல்லாவற்றையும் சேர்த்தும் கேட்கலாம். மூன்றாவது, பார்த்தது யார் என்பது. இதற்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது. நான்காவது கட்டுரைத் தலைப்பு. ஐந்தாவது, நாள் கணக்கா மாதக் கணக்கா என்பது. கடைசி இரண்டும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடைவெளி இல்லாமல் எட்டு இலக்கமாக எழுத வேண்டும்: 20240115 என்பது போல.

முழு முகவரியையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘(திரைப்படம்)’, ‘(எழுத்தாளர்)’ என்று அடைப்புக்குறி வைத்த தலைப்புகள் நிறைய. மேற்கோள் குறி இல்லாவிட்டால் டெர்மினல் அந்த அடைப்புக்குறியை வேறு ஏதோவாக எடுத்துக்கொண்டு பிழை சொல்லும்.

கர்லுக்கு மூன்று விருப்பங்களை எப்போதும் கொடுப்பது நல்லது. கோடு போட்டுச் சிறிய ஓ கொடுத்து, கோப்பின் பெயரையும் கொடுத்தால் தரவு அந்தக் கோப்பில் சேமிக்கப்படும். கோடு போட்டுப் பெரிய ஏ கொடுத்து, நீங்கள் யார், உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்று எழுதலாம். விக்கிமீடியா இதைக் கேட்கிறது, அடையாளம் இல்லாத நிரல்களைத் தடுக்கவும் செய்கிறது. மூன்றாவது, கோடு போட்டுச் சிறிய எஃப். இது இல்லாவிட்டால், சர்வர் பிழைச் செய்தி அனுப்பும்போதும் கர்ல் அதையே தரவு என்று கோப்பில் எழுதி வைக்கும். கோப்பு இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருப்போம், உள்ளே பிழைச் செய்திதான் இருக்கும்.

தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியில் போடலாமா?

லினக்ஸிலும் மேக்கிலும் பல நேரம் வேலை செய்துவிடும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் எழுத்துக் குறியேற்றம் மாறிப்போய்த் தலைப்பு சிதைய வாய்ப்பு உண்டு. அதனால் தலைப்பைச் சதவீதக் குறியேற்றத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு அனுப்புவதுதான் என் பரிந்துரை.

தமிழில் இந்தக் குறியேற்றம் ரொம்ப நீளமாக இருக்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, இரண்டு இலக்கம் என்று மூன்று எழுத்தாக மாறும். ‘திருக்குறள்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனியாக எண்ணப்படுவதால் பதினொரு குறி, 33 பைட். முகவரியில் அது 99 எழுத்தாக நீளும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஜேகியூ என்ற கட்டளை வரிக் கருவியில் இந்த மாற்றத்துக்கென்றே யூஆர்ஐ என்ற வடிப்பான் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் யூஆர்எல்லிப் தொகுதியின் குவோட் சார்பு இதையே செய்யும். தலைப்பில் சாய்கோடு இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். குவோட் சார்பு இயல்பாகச் சாய்கோட்டை விட்டுவிடும், அதை மாற்றச் சொல்லித் தனியாகக் குறிப்பிட வேண்டும். தலைப்பில் இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு போடுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. ‘கொடைக்கானல்’ என்ற சொல்லில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் போடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. பழைய எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த பட்டியல்களில் இரண்டாவது வகை இருக்கக்கூடும். விக்கிப்பீடியா தலைப்புகளை ஒரே குறி வடிவத்தில்தான் வைத்திருக்கிறது. உங்கள் பட்டியலை என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் இதற்கு ஒரே வரிதான். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கி எழுதியதா, ஶகரத்தில் தொடங்கி எழுதியதா என்பதையும் அது ஒன்றாக்காது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். எளிய வழி, தலைப்பைக் கையால் தட்டாமல் கட்டுரைப் பக்கத்திலிருந்தே நகலெடுப்பது.

கட்டுரை இருக்கிறது, ஆனால் 404 (கிடைக்கவில்லை) என்று வருகிறதே?

தலைப்பு சரி என்றால், கேட்ட காலத்தில் பதிவான பார்வை எதுவும் இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அல்லது அந்த நாளின் தரவு இன்னும் ஏறவில்லை. இந்த ஏபிஐ சுழியத்தை எண்ணாகத் தராமல், தரவு இல்லை என்றே சொல்லும். ஒரு மாதக் கணக்கு கேட்டு 27 வரிசைகள் மட்டும் வந்தால், விடுபட்ட நாள்களில் பார்வை இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். சராசரி எடுக்கும்போது 27-ஆல் வகுத்துவிடாதீர்கள், மாதத்தின் மொத்த நாள்களால் வகுக்க வேண்டும். குறைவாகப் படிக்கப்படும் கட்டுரைகள் நிறைய உள்ள நம் மொழியில் இந்த ஒரு விஷயம் முடிவையே மாற்றிவிடும்.

இன்னொரு காரணம், கட்டுரை பெயர் மாற்றப்பட்டிருப்பது. பார்வைகள் தலைப்பின் பெயரில்தான் பதிவாகின்றன. பெயர் மாற்றத்துக்கு முந்தைய கணக்கு பழைய தலைப்பிலேயே தங்கிவிடும். வழிமாற்றுப் பக்கங்கள் (வேறு தலைப்பிலிருந்து கட்டுரைக்கு அனுப்புபவை) வழியாக வந்த பார்வைகளும் அந்தந்த வழிமாற்றுத் தலைப்பில்தான் சேரும். முழு எண் வேண்டுமென்றால் எல்லாத் தலைப்புகளுக்கும் தனித்தனியாக எடுத்துக் கூட்டுங்கள்.

யூசர், ஸ்பைடர், ஆட்டோமேட்டட், ஆல்-ஏஜென்ட்ஸ்: எதைத் தேர்ந்தெடுப்பது?

மக்கள் படித்தார்களா என்று தெரிய வேண்டுமென்றால் ‘யூசர்’. வேறு எதையும் எடுக்க உங்களுக்கு உறுதியான காரணம் இருக்க வேண்டும்.

‘ஸ்பைடர்’ என்பது, நான் இயந்திரம் என்று தானே சொல்லிக்கொண்டு வரும் தேடுபொறி நிரல்கள். ‘ஆட்டோமேட்டட்’ என்பது, அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் மனிதரைப் போல வந்தும் நடத்தையால் இயந்திரம் என்று கணிக்கப்பட்டவை. ‘ஆல்-ஏஜென்ட்ஸ்’ எல்லாவற்றையும் கூட்டித் தரும். எண் பெரிதாக இருப்பதால் பலருக்கும் இதை எடுக்கும் ஆசை வருகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் பிரபலமான கட்டுரை ஒன்றில் இயந்திரங்களின் பங்கு மனிதப் பார்வைகளுக்கிடையே மறைந்துவிடலாம். நாளுக்குச் சில பேர் மட்டும் வரும் தமிழ்க் கட்டுரையில், தேடுபொறி ஒருமுறை வந்துபோனாலே அந்த நாளின் எண் இரட்டிப்பாகலாம். நமக்குத்தான் இந்த வேறுபாடு அதிகம் வலிக்கும்.

‘ஆட்டோமேட்டட்’ என்ற வகை 2020-இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அந்தப் போக்குவரத்து ‘யூசர்’ கணக்கிலேயே கலந்திருந்தது. அதனால் 2018 முதல் 2022 வரை ஒரே கோடாக வரைந்து, 2020-இல் வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள். குறைந்தது வாசகர்களாக இல்லாமல் இருக்கலாம், எண்ணும் முறையும் அந்த ஆண்டில் மாறியிருக்கிறது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக் குறிப்பு எழுதுவது நேர்மையான வழி.

விழா நாளன்று பார்வை ஏறும் என்று எதிர்பார்த்தேன், முந்தைய நாளிலும் ஏறியிருக்கிறதே?

மக்கள் முன்கூட்டியே தேடுவது ஒரு காரணம். கணக்கு உலகப் பொது நேரத்தில் இருப்பது இன்னொரு காரணம். இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. தரவில் ஒரு ‘நாள்’ என்பது நமக்குக் காலை 5:30 முதல் மறுநாள் காலை 5:30 வரை. பொங்கலன்று அதிகாலை ஐந்து மணிக்குப் பார்த்தவர் போகி நாளின் கணக்கில் சேர்ந்திருப்பார். கட்டுரை அளவில் மணிக்கணக்கு இந்த ஏபிஐயில் இல்லை. அது வேண்டுமென்றால் அறக்கட்டளை வெளியிடும் மணிவாரிக் கோப்புகளை இறக்க வேண்டும். அவை எல்லா மொழிகளுக்கும் சேர்ந்த பெரிய சுருக்கக் கோப்புகள். ஒவ்வொரு வரியிலும் திட்டக் குறி, தலைப்பு, எண் என்று இருக்கும். தமிழ் வரிகளை மட்டும், சுருக்கக் கோப்புக்குள் தேடும் இசட்கிரெப் கொண்டு பிரிக்கலாம். கைப்பேசிப் பார்வைகள் அங்கே தனிக் குறியோடு வரும், அதையும் சேர்க்க மறக்காதீர்கள்.

நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கு ஒரே மூச்சில் எடுக்கலாமா?

எடுக்கலாம், நிதானமாக. தலைப்புகளை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் வைத்து, அதே கட்டளையை ஒவ்வொரு தலைப்புக்கும் ஓட்டும் ஒரு சிறு சுற்று எழுதி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையில் ஒரு நொடி நிறுத்துங்கள். ஐந்நூறு கட்டுரைகள் என்றாலும் பத்து நிமிடத்துக்குள் முடியலாம். சர்வர் 429 என்று சொன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது என்று பொருள். கர்லின் ‘ரீட்ரை’ விருப்பம் அப்போது சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். நன்கொடையில் ஓடும் சேவை இது. பலமுனையாகத் தாக்கி அவசரமாக எடுக்க ஒரு தேவையும் இல்லை.

வந்த மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். கணக்குப் போட்ட அட்டவணை தவறிப்போனால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

வந்த ஜேசன் கோப்பை எக்செலில் எப்படித் திறப்பது?

ஏபிஐ தரும் தரவு ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரும். ஜேகியூ கொண்டு அதைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஆக்குங்கள். ‘ஐட்டம்ஸ்’ பட்டியலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘ஆர்டிகிள்’, ‘டைம்ஸ்டாம்ப்’, ‘வியூஸ்’ மூன்றையும் எடுத்து, சிஎஸ்வி வடிப்பானுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. கூடவே கோடு போட்டுச் சிறிய ஆர் விருப்பத்தையும் தர வேண்டும், இல்லாவிட்டால் தேவையற்ற மேற்கோள் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். நேர முத்திரை பத்து இலக்கமாக இருக்கும், கடைசி இரண்டு சுழியங்கள் மணிக்கானவை. முதல் எட்டை மட்டும் வெட்டி எடுங்கள்.

எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ்த் தலைப்புகள் குப்பை எழுத்தாகத் தெரியலாம். தரவு கெடவில்லை. தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். லிப்ரேஆஃபிஸ் திறக்கும்போதே இதைக் கேட்டுவிடுகிறது.

தினமும் தானாக ஓட வைக்க முடியுமா?

முடியும். குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கருவிகள் உண்டு: லினக்ஸிலும் மேக்கிலும் க்ரான், விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர். தமிழ்த் தலைப்புகளோடு வேலை செய்பவர்கள் இங்கே கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: க்ரான் அட்டவணையில் சதவீதக் குறிக்குச் சிறப்புப் பொருள் உண்டு. அங்கே அது புது வரி என்று எடுத்துக்கொள்ளப்படும். நம் முகவரிகளோ சதவீதக் குறிகளால் நிறைந்தவை. டெர்மினலில் அழகாக ஓடிய கட்டளை க்ரானில் பாதியில் அறுந்துபோக இதுதான் காரணம். கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, க்ரானிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் அழையுங்கள். விண்டோஸின் ஸ்கிரிப்ட் வகையான பேட்ச் கோப்பிலும் இதே தொல்லை வேறு வடிவில் வரும். அங்கே ஒவ்வொரு சதவீதக் குறியையும் இரண்டாக எழுத வேண்டும்.

நேற்றைய தரவை இன்று காலையே கேட்காதீர்கள், ஏற ஒரு நாள் வரை ஆகலாம். இரண்டு நாள் பின்னால் கேட்டால் நிம்மதி. தேதியைக் கணக்கிடும் டேட் கட்டளை லினக்ஸில் ஒரு மாதிரி, மேக்கில் ஒரு மாதிரி இருக்கும். இணையத்தில் கிடைத்த ஸ்கிரிப்ட் ஓடவில்லையென்றால் முதலில் அந்த வரியைப் பாருங்கள். எந்தக் கணினியாக இருந்தாலும் சிறிய யூ விருப்பம் கொடுத்து உலகப் பொது நேரத்தில் தேதி எடுங்கள்.

2015-க்கு முந்தைய கணக்கு கிடைக்குமா?

2007 டிசம்பர் முதலான பழைய கோப்புகள் உண்டு. ஆனால் அவற்றில் இயந்திரங்கள் பிரிக்கப்படவில்லை, பெரும்பகுதி காலத்துக்குக் கைப்பேசிப் பார்வைகளும் சேரவில்லை. தனியாக ஆராயலாம். 2015-க்குப் பிந்தைய எண்ணோடு ஒரே கோட்டில் ஒட்டக் கூடாது.

எத்தனை பேர் படித்தார்கள், எந்த ஊரிலிருந்து என்று தெரியுமா?

ஆள் கணக்கு கிடையாது. ‘யுனீக் டிவைசஸ்’ என்ற தனி அளவீடு, தளத்துக்கு வந்த கருவிகளின் எண்ணிக்கையைக் கணிக்கிறது. அதுவும் முழுத் தளத்துக்குத்தான், கட்டுரைக்கு அல்ல. ஒவ்வொருவருக்கும் அடையாள எண் ஒட்டாமல், கடைசியாக வந்த தேதியை மட்டும் குக்கீயில் (உலாவியில் தளம் சேமிக்கும் சிறு குறிப்பு) வைத்து இதைச் செய்கிறார்கள். ஒரே வீட்டுக் கைப்பேசியில் மூன்று பேர் படித்தால் ஒன்று. ஒருவரே கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் படித்தால் இரண்டு.

நாடுவாரியான கணக்கு திட்ட அளவில் கிடைக்கும், துல்லியமாக இல்லாமல் தோராயப்படுத்தித் தருகிறார்கள். ஊர்வாரியாக இல்லை. சிறிய மொழியில், சிறிய ஊரில், உணர்ச்சி மிகுந்த ஒரு தலைப்பை யார் படித்தார் என்று ஊகிக்கும் அளவுக்குத் தரவு நுணுக்கமாகக் கிடைக்கக் கூடாது. இந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மதுரையில் எத்தனை பேர், யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் என்று யாராவது இந்தத் தரவை வைத்து எண் சொன்னால் நம்ப வேண்டாம்.

பார்வை என்பது படித்ததற்குச் சமமா?

இல்லை. பக்கம் திறக்கப்பட்டது, அவ்வளவே. முதல் வரியோடு மூடியவரும் கடைசி மேற்கோள் வரை போனவரும் ஒன்றுதான். இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் எழும் முன்னோட்டப் பெட்டி இதில் சேராது.

என் சொந்த வலைப்பதிவின் கணக்கையும் இப்படி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அது திறந்த தரவு அல்ல என்பதால் அனுமதிச் சாவி வேண்டும். தளப் பார்வைகளை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-க்குத் தனி ஏபிஐ இருக்கிறது. அனுமதி டோக்கன் பெற்று, என்ன வேண்டும் என்று ஜேசனில் எழுதி, கர்ல் மூலம் அனுப்பலாம். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது, அதற்கான ஸ்கிரிப்டுகள் இப்போது பயன்படாது.

சர்வர் உங்கள் கையில் இருந்தால், அதன் பதிவுக் கோப்புகளை கோஅக்சஸ் என்ற கட்டளை வரிக் கருவியிடம் கொடுங்கள். அறிக்கையை எச்டிஎம்எல்லாகவோ ஜேசனாகவோ சிஎஸ்வியாகவோ எழுதித் தரும், வாசகரின் உலாவியில் எந்த நிரலையும் ஓட்ட வேண்டியதில்லை. பதிவுக் கோப்பில் வாசகர்களின் ஐபி முகவரிகள் இருக்கும். அதை யாருக்காவது அனுப்புவதற்கு முன் கோஅக்சஸில் உள்ள ஐபி மறைக்கும் விருப்பத்தைப் போட்டு எடுத்த அறிக்கையை மட்டும் அனுப்புங்கள், மூலக் கோப்பை அல்ல.